எட்வேட் அங்கிளும் கையெழுத்து வைக்காத தெருவும்

எட்வேட் அங்கிள் இந்த இங்கிலீசு நாட்டில், செவன் கிங்ஸ் என்ற ஊரில், எங்கள் தெருவுக்குத் தபால்காரர். வயிறு முன்னால் வரும், அவர் கொஞ்சம் பிந்தி வருவார். நாயே இல்லாத எங்கள் கேற்றில் "கடிநாய் கவனம்" என்று நான் எழுதி ஒட்டினேன். அன்றிலிருந்து எட்டு மாதமாகச் சிலுவை போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைக்கிறார். நாய் ஏன் ஒருநாளும் குரைக்கவில்லை என்று யோசித்ததே கிடையாது.

கோயிலில் தமிழ்ப் பூசை முடியப் போடுகிற எஸ்தர் நாடகத்தில் அவருக்கு ராசாவின் தூதன் வேடம். ஓடிவந்து சுருளை நீட்டிவிட்டு ஓடிப்போக வேண்டும், அவ்வளவுதான்.

"வேதத்திலயே எங்கட உத்தியோகம் இருக்கு, தெரியுமோ?"

"கழுதையும் இருக்கு, அங்கிள்."

அந்தத் தூதர்களைப்போல வெட்கங்கெட்ட ஆட்களை நான் கேள்விப்பட்டதில்லை. ஆமான் என்ற மந்திரி, யூதர் எல்லாரையும் கொல்லச் சொல்லிக் கட்டளை எழுதி, ராசாவின் மோதிரத்தால் முத்திரை குத்திக் கொடுக்கிறான். இவர்கள் குதிரையைத் தட்டிக்கொண்டு நாடு நாடாகப் பறக்கிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

எங்கள் தெரு அதைவிட மோசம். கையெழுத்து வைத்து வாங்காத கடிதம் சட்டப்படி வராத கடிதம் என்று செபமாலைமுத்து என்பவர் ஜெர்மனியிலிருந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அகதி வழக்கு உள்ள வீடுகளில் தபால்காரர் மணியடித்தால் குழந்தைகூட மூச்சு விடாது.

2009 நவம்பரில், எங்கள் வீட்டின் கீழறையில் வாடகைக்கு இருந்த பியற்றிஸ் அக்காவுக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. அக்கா குசினியில் குந்தி ஒளித்தா. அங்கிள் இரண்டு தரம் வந்து, ஆள் இல்லை என்ற அட்டையைப் போட்டுவிட்டுப் போனார். ஆறாம் நாள், ஒருவரும் கேட்காமலே மூன்றாம் தரமும் கொண்டுவந்தார். வாசலில் முழங்காலில் நின்று கடிதம் போடுகிற துவாரத்தில் வாயை வைத்தார். மாடிப்படியில் இருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பிள்ளை பியற்றிஸ், நீ உள்ளதான் நிக்கிறாய்."

"நான் வீட்டில இல்லை அண்ணை."

"அப்ப இப்ப கதைக்கிறது ஆர்?"

அக்கா கதவடிக்கு வந்தா. "கையெழுத்து வைக்காட்டி என்னைத் திருப்பி அனுப்ப ஏலாதாம். செபமாலைமுத்து அண்ணை சொன்னவர்."

"அந்தாள் ஏன் ஜெர்மனியில கேஸ் தோத்தது எண்டு இப்பதான் விளங்குது. பிள்ளை, நீ ஒளிச்சாலும் உனக்குக் கிடைச்சிட்டுது எண்டுதான் குடிவரவுக்காரர் எடுப்பினம். மறுப்பெண்டால் அப்பீலுக்கு நாள் ஓடுது."

"மறுப்போ?"

"உள்ளுக்க என்ன எண்டு எனக்குத் தெரியாது. கேள், எஸ்தர் கதையில முத்திரை வைச்ச கட்டளையை அந்த ராசாவுக்கே கிழிக்க ஏலாமல் போச்சு. யூதர் தங்களைக் காப்பாத்தலாம் எண்டு ரெண்டாவது ஒண்டு எழுதுவிச்சுத்தான் அந்தச் சனம் தப்பினது. முதலாவதை வாசிக்காமல் ரெண்டாவதை என்னெண்டு எழுதுறது? முழங்கால் நோகுது, திற!"

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. அக்கா கையெழுத்து வைத்தா. கோழி கிளறியதுபோல இருந்தது. மறுப்புத்தான். ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம், இனித் திரும்பிப் போகலாமாம். அப்பீலுக்கு நாலு நாள் மிச்சம். பாடசாலையில் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்கிற என் இங்கிலீசுதான் அந்த வீட்டில் பெரிய இங்கிலீசு. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இரண்டு பேனை முடிந்தது. அங்கிள் தன் லீவு நாளில் அக்காவை லோயரிடம் கூட்டிக்கொண்டு போனார். கடைசி நாளுக்கு முதல் நாள் அப்பீல் போய்ச் சேர்ந்தது.

இன்னும் பதில் இல்லை. இப்போது அக்கா பத்து மணிக்கே கதவை அகலத் திறந்துகொண்டு நிற்கிறா. ஹீட்டர் சூடு முழுக்கத் தெருவுக்குப் போகிறது. அங்கிள் பீட்சா நோட்டீசை நீட்டி, "இண்டைக்கும் இல்லைப் பிள்ளை" என்கிறார். என்னவோ தானே நீதவான், தானே தீர்ப்பை எழுத மறந்துவிட்டதுபோல ஒரு முகம். எனக்குப் பார்க்கச் சகிக்காது. பாடசாலை இல்லாத நாளில், அந்த நேரம் பார்த்துத்தான் நான் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவேன்.