பின்னேர நித்திரையும் புழுக்கொடியலும்

நான் பஸ் ஓட்டும் இந்த வட ஜெர்மன் நகரத்தில் பின்னேரமானால் எல்லாரும் கேக் தின்கிறார்கள். கலியாணம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் டிப்போவின் ஓய்வறையில் எப்படியும் யாருக்காவது பிறந்தநாள் வந்துவிடும். பிறந்தநாள்காரரே கேக்கைச் சுட்டுக்கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும் என்பது இவர்களுடைய முறை. ‘கூகன்’ என்று இவர்கள் சொல்லும் கேக்கில் ஒரு துண்டும் ஒரு கோப்பை கறுப்புக் கோப்பியும் உள்ளே போனதும் மனிதர்கள் சாவி கொடுத்த பொம்மைகள் மாதிரி எழும்பிப்போய் பஸ்ஸை எடுக்கிறார்கள். நான் அதே துண்டைத் தின்றுவிட்டு, கண் சொருகி, கதிரையில் சரிந்துபோய்க் கிடப்பேன். வேண்டாம் என்று சொல்லலாமே என்று கேட்பீர்கள். மன்னார்க் கடற்கரையில், பேசாலையில் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஒருவர் தன் கையால் செய்ததை நீட்டும்போது வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு கோபம் என்றல்லவா எங்களிடத்தில் அர்த்தம்! அதனால் டிப்போவில் இருந்த அத்தனை சாரதிகளின் பிறந்தநாளையும் நான் ஒழுங்காகத் தின்று தீர்த்தேன். மரியாதைக்குத் தின்றதுதான். உடம்புக்கு மரியாதை எங்கே விளங்கப்போகிறது?

எங்கள் ஊரில் பின்னேர நித்திரைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. இரவு கடலுக்குப் போனவர்கள் காலையில் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்து, வலையைத் தட்டிக் காயப்போட்டு, சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுப் படுத்தால் பொழுது சாயும்வரை பேசாலையில் நாய்கூட நிழலைவிட்டு எழும்பாது. ஆகவே ஸ்டியரிங்கின் முன்னால் எனக்குக் கண் கனக்கத் தொடங்கியபோது அதை நோய், வருத்தம் என்று நான் நினைக்கவேயில்லை. உடம்பு இன்னும் மன்னார் நேரத்தில் இருக்கிறது, விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு ஓட்டினேன். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் இருந்த சனம் குளிருகிறதென்று திட்டியது.

இந்த வேலை போனால் என்ன, இன்னொன்று கிடைக்காதா என்று சொல்லுகிற நிலையில் நான் இல்லை. என் மனுசன் சூசை ஊரில் நிற்கிறார். யுத்தம் முடிந்த பிறகு ஒருவர் வெளியே வர வழி கிடைத்தபோது, கடலைவிட்டு வரமாட்டேன், நீ போ என்று என்னை அனுப்பினவர் அவர்தான். வருடங்கள் போகப்போக அந்த வீறாப்பு கரைந்து, நானும் வாறன் என்று அவரே சொன்ன நாளில் நான் டிப்போவின் கழிப்பறையில் நின்று அழுதேன். அவரை இங்கே கூப்பிடுவதற்கு வெளிநாட்டவர் கந்தோரில் ஒரே பேச்சு: முழுநேர வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். அந்த முழுநேர வேலை என்பது நான் ஓட்டும் இந்த பஸ். பஸ் போனால் சூசை இல்லை. இதற்குமேல் சுருக்கமாக என் வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

அப்படியிருக்க ஒருநாள் பின்னேரம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சிவப்பு விளக்கில் நான் நித்திரையாகிப்போனேன். கண்ணை மூடினது தெரியாது. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்துக் குழறிக்கொண்டிருந்தன. விளக்கு பச்சையாகி, மறுபடி சிவப்பாகி இருந்தது. தட்டியவர் பஸ்ஸில் வந்த ஒரு வயதான பெண். என் முகத்தைப் பார்த்தவர் ஒன்றுமே கேட்காமல் கைப்பையைத் திறந்து ஒரு சொக்லேட்டை எடுத்துத் தந்தார். நல்ல மனம்தான், பாவம். நானும் வழக்கம்போல வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கித் தின்றேன். அந்த நேரத்தில் யாராவது குறுக்கே போயிருந்தால்! மாதாவே, இன்றைக்கும் அந்த விளக்கில் சிலுவை போட்டுக்கொண்டுதான் பஸ்ஸை எடுக்கிறேன்.

வேறு யாரோ டிப்போவுக்கு அறிவித்துவிட்டார்கள். எங்கள் பொறுப்பாளர் யூர்கன் என்னைக் கூப்பிட்டு இருத்தி, “எல்லாம் நல்லாக இருக்கிறதா? வீட்டில், உடம்பில்?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டு, “எல்லாம் நல்லாக இருக்கிறது” என்றேன். எங்களிடம் சுகம் விசாரித்தால் முதலில் சுகம் என்றுதானே சொல்லுவோம். கேட்டவர் விடாமல் இரண்டாம் தரம் கேட்கும்போதுதான் உள்ளதைச் சொல்லத் தொடங்குவோம். யூர்கன் இரண்டாம் தரம் கேட்கவில்லை. “அப்படியானால் சிவப்பு விளக்கில் ஏன் நித்திரை?” என்று கேட்டு, எதையோ எழுதிக்கொண்டே, கொம்பனி டொக்டரிடம் என்னை அனுப்பிவைத்தார். என்னைப் பொய்க்காரி என்றே அவர் நினைத்திருப்பார்.

டொக்டர் விரலில் குத்திப் பார்த்தார். சலரோகம், சீனி வருத்தம். நன்றாகவே ஏறியிருந்தது. மாத்திரை தந்தார். சில வாரம் காலை ஓட்டம் மட்டும்தான், அதற்குள் சீனி இறங்காவிட்டால் பஸ்ஸில் ஏற முடியாது என்று பதமாகச் சொன்னார். பிறகு உணவு ஆலோசகரான ஒரு பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பிள்ளை நல்ல பொறுமைசாலி. பின்னேரம் சோர்வு வரும்போது மாவும் இனிப்பும் வேண்டாம், மாச்சத்துக் குறைந்ததாய்க் கொஞ்சம் வாயில் போடுங்கள் என்று விளங்கப்படுத்தினாள்: அவித்த முட்டை, பாதாம், வெள்ளரிக்காய், சீஸ். முட்டையை ஓய்வறையில் உரித்தேன், எல்லாரும் ஜன்னலைத் திறந்தார்கள். சீஸ் எனக்கு வாயில் வைக்க முடியாது. பாதாமை ஆடு மாதிரி அரைத்துக்கொண்டிருந்தேன். பசி அடங்கவில்லை. மனதும் அடங்கவில்லை. ஒரு பிடி சோறில்லாமல் ஒரு பெண் எத்தனை நாளைக்குத்தான் வெள்ளரிக்காயைப் பார்த்துக்கொண்டிருப்பது?

சூசையிடம் போனில் புலம்பினேன்.

“இஞ்சேரப்பா, உந்தக் கேக்கும் பாதாமும் உனக்குச் சரிவராது,” என்றார். “நான் புழுக்கொடியல் அனுப்பிறன். இஞ்ச சலரோகக்காரர் கனபேர் அதைத்தான் சப்பினம்.”

“அதில இனிப்பு இல்லைத்தானே?”

“இனிப்போ? நாக்கை இழுக்கிற நல்ல கயர்ப்பு. அந்தக் கயர்ப்புக்குச் சீனி பறந்து போகும், பாரன்.”

சும்மா சொல்லக்கூடாது, மனுசன் பாடுபட்டிருக்கிறார். பனங்கிழங்கைக் கிண்டி எடுத்து, அவித்து, நார் உரித்து, இரண்டாகக் கிழித்து, கருவாடு காயப்போடுகிற அதே பந்தலில் வெயிலில் காயவைத்து, கல்லுமாதிரி இறுகினதும் பையில் கட்டி, இங்கே வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். கடலுக்குப் போகிறவர், பகலில் படுக்க வேண்டியவர். அந்த நித்திரையை எனக்காக விட்டுவிட்டுச் செய்தது. பையைத் திறந்தவுடன் முகத்தை உள்ளே வைத்து மணந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லுகிறேன்: முத்தமும் கொடுத்தேன்.

பிறகென்ன, பக்தியோடு தின்றேன். ஓய்வு கிடைத்த போதெல்லாம் ஒரு துண்டு. கடிக்கக் கடிக்க வாய்க்குள் பேசாலை. ஓய்வறையில் யாருக்கும் மணக்கவில்லை, யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. இப்போது கேக் நீட்டினால்கூட, எனக்கு மருந்து இருக்கிறது என்று பையைக் காட்டித் தப்பப் பழகியிருந்தேன். ஆனால் கண் கனப்பது மட்டும் குறையவில்லை. கனக்கக் கனக்க, மருந்து போதவில்லையாக்கும் என்று இன்னும் இரண்டு துண்டு போட்டேன். அடுத்த சோதனைக்குப் போனால் டொக்டர் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். சீனி முந்தியதைவிட ஏறி நிற்கிறது. “மாத்திரை எடுக்கிறீர்களா?” என்றார். ஓம் என்றேன். அவர் நம்பவில்லை. இன்னும் ஒரேயொரு தவணை தருகிறேன், அதன் பிறகு நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றார். வெளியே வந்து டிராம் தரிப்பிடத்தில் இருந்து விம்மி விம்மி அழுதேன். நேர்த்தி வைக்காத புனிதர் இல்லை. சூசைக்கு என்ன முகத்தோடு சொல்வது?

ஆலோசகப் பிள்ளை, “நீங்கள் வாயில் போடுகிற எல்லாவற்றையும் ஒருநாள் அப்படியே கொண்டுவாருங்கள்” என்றாள். கொண்டுபோய் மேசையில் பரப்பினேன். புழுக்கொடியலை எடுத்துப் பார்த்தாள், மேசையில் தட்டிப் பார்த்தாள், கடித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “இது மரமா?” என்றாள். இல்லை, நிலத்தில் விளைகிற கிழங்கு, எங்களூர் மருந்து என்றேன்.

“எதற்கு மருந்து?”

“சீனிக்கு.”

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு நான் நன்றியுடையவள். “உங்கள் ஊரில் இதை மருந்துக்கு மட்டும்தான் சாப்பிடுவீர்களா? வேறு எப்போது சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டாள்.

மேசையில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். வேறு எப்போது? சின்ன வயதில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து மடுக் காட்டில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்த காலத்தில் அரிசியைக் கண்ணாலும் காணவில்லை. அம்மா இதே பனங்கிழங்கை அவிக்காமல் காயவைத்த ஒடியலை இடித்து மாவாக்கிப் பிட்டவித்துத் தந்தா, கூழ் காய்ச்சித் தந்தா. அதைத் தின்றுவிட்டு நாங்கள் வயிறு நிறைந்து, பிள்ளைகள் எல்லாம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நித்திரை கொண்டோம். சோற்றுக்குப் பதிலாக எங்களைக் காப்பாற்றினது அதுதான். சோற்றுக்குப் பதிலாக நின்ற சாமான் சோறு செய்கிற வேலையைத்தானே செய்யும்! இடித்தால் மாவாகிறது என்று தெரிந்த எனக்கு, அதில் மா இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது. கயர்ப்பைக் கண்டு ஏமாந்தேன். அதைவிட, அனுப்பின கையைக் கண்டு ஏமாந்தேன். அந்தக் கை எனக்குக் கெடுதலாக ஒன்றை அனுப்பும் என்று எப்படி நினைப்பது?

சூசையிடம் சொல்லாமல் விடத்தான் பார்த்தேன். அடுத்த பை தயார் என்று அவர் சந்தோசமாகச் சொன்னபோது விட முடியவில்லை. சொன்னேன்.

“அப்ப நான் அனுப்பினதுதான் உன்னைச் சாய்ச்சதோ?” என்றார்.

“ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நான்தான் அள்ளி அள்ளித் திண்டனான்.”

“நான் வாறதுக்கெண்டு நான்தானேயப்பா எல்லாம் செய்தனான்,” என்று சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். என் மனுசன் அழுது நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

அடுத்த பையில் நெத்தலிக் கருவாடு வந்தது. ஆலோசகப் பிள்ளைக்குப் படம் அனுப்பினேன், உப்பைக் கழுவிக் குறையுங்கள், மற்றப்படி இதைவிட நல்லதில்லை என்று எழுதினாள். கழுவி, ஈரம் போக வறுத்து, கொஞ்சம் கச்சான் கடலையும் சேர்த்து ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், ஓய்வறையே எழும்பிவிட்டது. எங்கோ எலி செத்துக்கிடக்கிறது என்று ஒருவர் அலுமாரியை இழுத்துப் பார்த்தார். யூர்கன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் நாகரிகமாக, இதை உள்ளே சாப்பிட வேண்டாம் என்றார். சரி என்றேன். இந்த நாட்டுக்கு மணக்காதது என் உடம்புக்கு ஆகவில்லை, என் உடம்புக்கு ஆகிறது இந்த நாட்டுக்கு மணக்கிறது. ஆத்திரம் வந்தது, யாரில் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கடைசித் தவணையில் சீனி இறங்கியிருந்தது. நிறைய இல்லை. டொக்டர் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, அடுத்த சோதனைவரைக்கும் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பின்னேர ஓட்டம் திரும்பக் கிடைத்திருக்கிறது. சூசையின் விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. அடுத்த சோதனை முந்துமா, அந்தப் பதில் முந்துமா என்பதுதான் இப்போது என் சீவியம். வெல்வேன் என்று எழுத எனக்குத் தைரியமில்லை.

கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸைத் திருப்பி நிறுத்திவிட்டு வெளியே இறங்குகிறேன். மணம் உள்ளே போகாமல் கதவைச் சாத்திவிட்டு, குளிருக்குள் நின்று நெத்தலியைச் சப்புகிறேன். அந்த நேரத்துக்கு சூசை போன் எடுப்பார். அங்கே பொழுதுபட்டுவிடும். வள்ளம் தள்ளுகிற ஆட்களின் சத்தம் போனுக்குள் கேட்கும். இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிற காலம். விடியும்வரை கண் மூடாமல் வலைக்குக் காவல் இருக்க வேண்டும் அவர். வலை போனால் இங்கே வருவதற்குச் சேர்க்கிற காசும் போய்விடும். பகலிலும் எனக்காகக் கருவாடு காயப்போடுகிற மனிதர் எப்போது படுப்பார் என்று எனக்குத் தெரியாது.

“நித்திரை கொண்டிடாத, என்ன?” என்கிறார்.

“நீங்களும் கொண்டிடாதேங்கோ.”

அவர் இருட்டுக்குள் வள்ளத்தைத் தள்ளுகிறார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸை எடுக்கிறேன். எங்களில் ஒருவர் கண்ணயர்ந்தாலும் இரண்டுபேருக்கும் வீடு இல்லை.