மைக்கை நீட்டிய வெள்ளிக்கிழமை

சபையில் திராட்சரசம் கொடுக்கும் இராப்போஜனக் கிண்ணங்களைக் கழுவுவது பிரேமாவதியின் வேலை. துடைத்துத் தட்டில் கவிழ்ப்பது அவள் கணவன் சசிதரனின் வேலை. கட்டைவிரல் உயரமே உள்ள கண்ணாடிக் கிண்ணங்கள். சபை கூடும் கடைமாடியில் குழாய்த் தண்ணீர் நூல்மாதிரிதான் வரும் என்பதால், ஆராதனை முடிந்ததும் கூடையில் போட்டு லூனாஸில் உள்ள தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். மற்ற நாளென்றால் யார் என்ன உடுத்தி வந்தார்கள், பாஸ்டர் எந்தக் கதையைத் திரும்பச் சொன்னார் என்று பேசியபடியே கூடை காலியாகிவிடும். இன்று சசிதரன் ஒரே கிண்ணத்தைத் துணியில் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தேஞ்சிடப் போகுது," என்றாள் பிரேமாவதி.

"ஒரு ஆளாவது பாடுச்சா பிரேமா?"

"அந்தக் கிண்ணத்த வைங்க. அடுத்தத எடுங்க."

நடந்தது இதுதான். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அதனால் இவர்கள் சபை வெள்ளிக்கிழமை காலையில் கூடும். அங்கே பாட்டு நடத்துவது சசிதரன். பிறர் எழுதிய பாட்டுகளையே பாடி வந்தவன், இந்த வருஷம் சொந்தமாக ஒன்று கட்டியிருந்தான். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டியை ஓட்டிக்கொண்டே முணுமுணுத்து முணுமுணுத்துக் கட்டியது. 'இருட்டில் கிளம்பின என் காலுக்கு முன்னே உம் கால் நடந்ததே' என்பது அதன் பல்லவி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன அவன் அம்மாவும் இருட்டில்தான் கிளம்பினாள், காலை ஷிப்டுக்குப் போகும் அவனும் இருட்டில்தான் கிளம்புகிறான். சபையில் பாதிப்பேர் அப்படித்தான். இது அவர்கள் வாயில் ஏறிவிடும், வீட்டில் சமைக்கும்போதும் பாடுவார்கள் என்று நம்பியிருந்தான். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இரண்டு வெள்ளி பாடிக் காட்டினான். மூன்றாவது வெள்ளி, இன்று, எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, பல்லவிக்கு வந்ததும் டிரம்ஸை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஓரடி பின்னால் போய் மைக்கைச் சபையைப் பார்த்து நீட்டினான்.

"நீங்க பாடுங்க!"

சபை அவனையே பார்த்தது. சிலர் கண்ணை மூடியிருந்தார்கள். திரையில் வரிகள் பெரிய எழுத்தில் நின்றன. கீபோர்டில் மகள் சிவானி மட்டும் வாசித்துக்கொண்டிருந்தாள். கீழே டயர் கடையில் நட்டுக் கழற்றும் மிஷின் 'டர்ர்' என்று ஒருமுறை போட்டுவிட்டு நின்றது. அவன் மைக்கைத் திரும்ப வாயருகே கொண்டுவந்து தானே பாடி முடித்தான்.

முடிந்ததும் பாஸ்டர் நடராஜா வந்து தோளைத் தட்டினார். "பிரதர், சீடி போட்ட மாதிரி இருந்திச்சு லா!" அந்த வார்த்தைதான் வீடு வரை கூட வந்தது. சீடியோடு யார் சேர்ந்து பாடுவார்கள்?

"நான் சொன்னா கோவிச்சுக்குவீங்க," என்றாள் பிரேமாவதி, கடைசிக் கிண்ணத்தை நீட்டியபடி.

"சொல்லு."

"ஒசரமா இருக்கு. அது கூடப் பரவால்ல. 'முன்னே'ன்னு ஒரு இடம் வருதுல்ல, அதப் போன வாரம் ஒரு மாதிரி வளச்சீங்க, இன்னைக்கு வேற மாதிரி. நாங்க எங்க வந்து சேர்றது? ஓடுற பஸ்ல ஏறச் சொல்ற மாதிரி இருக்கு."

"அது சங்கதி. பாட்டுக்கு அழகே அதுதான்."

"அழகாத்தான் இருக்கு. அதான் எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்கோம்."

அவன் துணியை உதறிக் கம்பியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனான். காடியை நேராக நிறுத்தவில்லை என்று தோன்றியது. காரைக் கிளப்பி மறுபடி நிறுத்தினான். அது முன்பைவிடக் கோணலாக நின்றது.

சசிதரனின் குரல் அவனுக்கு முன்னால் நடந்து போய் இடம்பிடித்துக் கொடுத்த குரல். சிடாம் கிரி என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. கோயில் பஜனையில் முதல் வரிசை. ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது அவன் அப்பாவுக்கு வேலை போனது, இவன் சுங்கைப் பட்டாணி நகரில் ஓர் இசைக்குழுவில் சேர்ந்து கல்யாண விருந்துகளில் பாடினான். அங்கே அவன் கற்றது ஒரே பாடம். கீழே பாடினால் ஜனம் சோற்றைப் பார்க்கும், மேலே ஏறினால் உன்னைப் பார்க்கும். ஐந்நூறு பேர் கரண்டியை வைத்துவிட்டு வாயை மூடிக் கேட்கிற அந்த நிமிஷத்துக்காகவே பத்து வருஷம் பாடினான். பிரேமாவதியைக் கட்டி, அவள் வழியாகச் சபைக்கு வந்து, ஞானஸ்நானம் எடுத்தபோது சிகரெட்டை விட்டான், சீட்டாட்டத்தை விட்டான். குரலை விடும்படி யாரும் சொல்லவில்லை. பாடு என்றுதான் சொன்னார்கள்.

அந்த வாரம் அவனுக்கு எதிலும் கால் தரிக்கவில்லை. போர்க்லிப்ட் பின்னால் போகும்போது அடிக்கிற 'பீப்' பாட்டின் சுருதிக்கு அரைப்படி கீழே இருந்து அவனைக் குத்தியது. மதியச் சோற்றைப் பாதியில் மூடினான். புதன்கிழமை சாயங்காலம் சிடாம் கிரியில் மருதம்மாள் வீட்டில் ஜெபக்கூட்டம். மருதம்மாள் சபைக்கு வந்து ஆறேழு வருஷம் இருக்கும்; தெருமுனைக் கடைவரை கேட்கிற குரல், பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஜெபம் முடிந்து, அரிசிச் சேமியாவில் பிரட்டிய மீஹூன் தட்டை நீட்டியவளிடம் அவனே கேட்டுவிட்டான்.

"ஏன் அக்கா, என் பாட்ட நீங்க பாடுறதே இல்லியே?"

"ஐயோ, என்ன தம்பி இப்படிக் கேட்டுட்ட! நீ பாடும்போது நான் வாயத் தொறக்கவா? கண்ணுல தண்ணி கொட்டும் எனக்கு. எங்க வீட்டுக்காரரு இன்னும் கோயிலுக்குப் போயி சாமி கும்புடுற ஆளு, அவரே சொல்றாரு, அந்தாளு பாட்டக் கேக்கவாச்சும் ஒருநாள் வர்றேன்னு."

முன்பென்றால் இந்தப் பேச்சு ஒரு மாதத்துக்குத் தாங்கும். இப்போது மீஹூனைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு அவனும் சிவானியும் மட்டும் சபை மாடிக்குப் போனார்கள்.

"சுருதிய மூணு படி எறக்கு," என்றான்.

"அப்பா, நெஜமாவா?" சிவானி பொத்தானை அழுத்திக்கொண்டே சிரித்தாள். "எறக்கினா ஒங்க குரல் எடுபடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"எறக்குடி."

பாடினான். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. 'முன்னே' வந்த இடத்தில் குரல் தானாக வளையப் போனது, பிடித்து நிறுத்தினான். தும்மலை அடக்குகிற மாதிரி மூக்கெல்லாம் எரிந்தது.

"இன்னொருக்கா."

"இப்போ நல்லாத்தான் இருக்கு."

"என்ன நல்லா இருக்கு?"

"எனக்கும் பாட வருது," என்றாள் அவள்.

அவன் காற்றாடியைக் கூட்டி வைத்தான், பிறகு குறைத்தான், வியர்த்ததும் மறுபடி கூட்டினான். ஏழெட்டுத் தடவை பாடிய பிறகும் இரண்டு இடத்தில் குரல் அவனைக் கேட்காமல் வளைந்துகொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை. முதல் சரணத்தில் சபையார் வழக்கம்போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாடினான். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது பின்வரிசையில் யாரோ தப்பும் தவறுமாகச் சேர்ந்தார்கள். மருதம்மாள்தான். 'முன்னே'யை நேராக, வளைவே இல்லாமல், வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இழுத்தாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் வரிசை ஏறியது. பிறகு ஆண்கள் பக்கம். மூன்றாம் முறை வந்தபோது தன் குரல் எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. மைக்கை உதட்டோடு ஒட்டிப் பாடிப் பார்த்தான். இல்லை. விரலைக் காதில் வைத்தால் உள்ளே மட்டும் கேட்டது. சிவானி நிறுத்தப் பார்த்தாள், சபை விடவில்லை. இன்னொரு முறை அவர்களே தொடங்கினார்கள். அவன் கைகள் மேலே போயின, கண்ணில் நீரும் வந்தது. அது எதற்கு வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டான்.

ஆராதனை முடிந்தது. ஜனம் தேநீருக்கு வரிசையில் நின்றது. மருதம்மாள் யாரிடமோ பேரனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் புலம்பினாள். பாஸ்டர் நடராஜா தோளைத் தட்டினார். "பிரதர், அந்தப் பின்னால உள்ள லைட்டு ஒண்ணு எரியல, ஏறிப் பாத்துருங்க," என்றார். அவ்வளவுதான். பாட்டைப் பற்றி ஒருவரும் அவனிடம் பேசவில்லை. பாட்டு மட்டும் படிக்கட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை அதைக் கீழே டயர் கடை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் பிரேமாவதி கப்புகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் மைக் வயரைக் கையில் சுற்றியபடி உள்ளே வந்து நின்றான். சுற்றி முடித்தான். பிரித்து மறுபடி சுற்றினான்.

"பிரேமா."

அவள் வாய்க்குள் அந்தப் பல்லவிதான் ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவை மூடினாள்.

"இன்னைக்கு நான் எப்படிப் பாடுனேன்?"

அவள் தட்டைத் தூக்கினாள். நிரம்பிய கப்புகள் தளும்பாமல் இருக்க அவற்றின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, பாட்டை நிறுத்தாமல், முழங்கையால் கதவைத் தள்ளி வெளியே போனாள்.