லிட்டருக்குப் பத்தொன்பது

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் அவர் ஓட்டிய காரில் ஏறியவர்கள். எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் ஏறினார்கள் என்றுகூட என்னால் சொல்ல முடியும். அதுதான் என் கோளாறு.

கீரமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாக அண்ணன் பிறந்தார். அடுத்தது அக்கா, கடைசியில் நான். அப்பா இறந்தபின் தேங்காய் லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டுநராகி, அக்காவுக்குத் திருமணம் முடித்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த ஆண்டில், விழுந்த தென்னைகளை அறுத்து அகற்றிவிட்டு மறுபடியும் கன்று வைத்தார். அலுத்துக்கொண்டு அவர் பேசி நான் கேட்டதில்லை.

நான் நூற்பாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். விற்றவர் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும் என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது. லாரி வேலையை விட்டிருந்த அண்ணன் ஓட்டினார். வண்டி என் பெயரில், ஸ்டியரிங் அவர் கையில்.

மைலேஜ் பார்க்க நான் ஒரு முறை வைத்திருந்தேன். டேங்கின் வாய்வரை டீசல் நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அதே பங்கில், அதே குழாயில், அதே சமதரையில் வண்டியை நிறுத்தி வாய்வரை நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். இருபது ஒருநாளும் வரவில்லை. பதினான்கு வரும், சில முறை பதின்மூன்று. இன்ஜெக்டரைச் சரிபார்க்கச் சொன்னேன், ஏர் ஃபில்டரை மாற்றினேன், டயரில் காற்று குறையாமல் பார்த்துக்கொண்டேன். எதற்கும் எண் அசையவில்லை. பிறகு அண்ணனையே கேட்கத் தொடங்கினேன்.

எங்கள் தெருவில் சிறுநீரகம் பழுதான மாமா ஒருவர் இருக்கிறார். ரத்தம் சுத்திகரிக்க அவரைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போய்வந்தது அண்ணன்தான். ஒரு மாலை இருவரும் திரும்பி வந்தார்கள். மாமா இறங்குவதற்குள் பங்க் ரசீதை வாங்கி மனத்துக்குள் வகுத்துவிட்டேன்.

"அண்ணே, பன்னெண்டரைதான் வந்திருக்கு. எங்கெங்க சுத்துனீங்க?"

"எங்கிட்டுப்பா சுத்துறது? ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி ஸ்டார்ட்டிங்லயே நின்னுச்சு. பேட்டரி வீக்கு, அமத்துனா திரும்பக் கெளம்புமோ என்னவோ. ஊசி குத்திட்டு வர்ற மனுசனப் பாத்து, வண்டியக் கொஞ்சம் தள்ளுங்கன்னு சொல்லவா?"

"நின்ன எடத்துல ஓடுனா கிலோமீட்டர் ஏறாதுண்ணே, டீசல்தான் எறங்கும். அதுல ஏசி வேற!"

"கிலோமீட்டர் ஏறாட்டி என்னடா, ஆளு ஏறுறாங்கள்ல?" என்று அண்ணன் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த முறை அவர் எங்களிடம் சொல்லாமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மதினி சொல்லித்தான் அண்ணனுக்குத் தெரிந்தது. நிறுத்தத்துக்கே காரைக் கொண்டுபோய், கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சென்ற கோடையில் ஒரு நண்பகல் அண்ணனுக்கு மூச்சு முட்டியது. அவசரத்துக்கு வண்டி கிளம்பவில்லை. தெருவே கூடித் தள்ளியது. முதலில் கை வைத்தவர் அந்த மாமாதான், ஊசித் தழும்பேறிய கையோடு. அக்கா மகன் ஓட்டினான். பின் இருக்கையில் அண்ணனின் தலை என் தோளில் இருந்தது. ஆலங்குடி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்:

"டே, ஏசிய அமத்தச் சொல்லு. மைலேஜ் அடிபடும்."

அக்கா மகனின் கை தானாகவே பொத்தானுக்குப் போனது. எங்கள் வீட்டில் எல்லோரையும் நான் அப்படிப் பழக்கியிருந்தேன். வேண்டாம் என்று கத்தினேன். அதற்குப் பிறகு அண்ணன் பேசவில்லை. மறுநாள் காலை எங்களை விட்டுப் பிரிந்தார்.

கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா? கேலி என்றால் அவர் முகத்தில் தெரிந்துவிடும். தோளில் சாய்ந்திருந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மதினியிடம் பலமுறை கேட்டுவிட்டேன்.

"கிண்டல்தான் கொழுந்தனாரே. ஒங்கள ஓட்டாம அவுக என்னைக்கு இருந்தாக? மனசுல வச்சுக்கிட்டுத் திரியாதீங்க" என்கிறார். மதினி சொல்வது சரியாக இருக்கலாம். அவரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இந்த ஓராண்டில் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு அக்கா மகன் ஓட்டுகிறான். அண்ணன் காலத்தைப்போல் ஊராரின் பூ மூட்டை சந்தைக்கு ஏறுவதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதில்லை. அதே பங்கில், அதே குழாயில் வாய்வரை நிரப்பிப் பார்த்தேன். லிட்டருக்குப் பத்தொன்பது. அத்தனை வருடம் அண்ணனை நச்சரித்துக் கேட்ட எண் இதுதான். இன்ஜினில் எந்தப் பழுதும் இருந்ததில்லை. யாரும் ஏறாததால் வந்த எண் இது. மாமா இப்போது பஸ்ஸில்தான் போகிறார். என்னிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை. குற்றம் அவர்களுடையதல்ல.

அன்று வண்டியைத் தள்ளிய ஒவ்வொருவருக்கும், வழியெல்லாம் ஹாரனை அழுத்தியபடி ஓட்டிய அக்கா மகனுக்கும், அன்றிரவு அண்ணனின் கட்டிலருகே நின்ற செவிலியருக்கும், பந்தலிட்டுப் பசியாற்றிய பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனின் பெயரால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பேட்டரி புதிதாக மாற்றியாயிற்று. சாவி எங்கள் வாசற்கதவுக்கு உள்ளே ஆணியில் தொங்குகிறது. அக்கா மகன் ஓட்டித் தருவான். ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ, யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமா, முதலில் நீங்கள் வர வேண்டும். திரும்பி வரும்போது நான் வாசலில் நின்றாலும் ரசீதைக் கேட்க மாட்டேன்.

வெயிலாக இருந்தால் ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.