தட்டிப் பார்க்கிறவர்

லிப்டின் கதவு மூடியதும் மூன்று தரம் தட்டிப் பார்ப்பார். மூடவில்லையோ என்ற சந்தேகம் இல்லை, கை அப்படிப் பழகிவிட்டது. வீட்டிலும் அடுப்புக் குமிழ், தண்ணீர்க் குழாய், வாசல் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் மும்மூன்று தட்டு உண்டு. கழற்றிப் போட்ட செருப்பு இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். லிப்ட் பழுது பார்க்கிற வேலை. கருவிப் பையில் ஒவ்வொரு திருப்புளிக்கும் தனித்தனி அறை வைத்துத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி, தையற்காரி.

இப்பேர்ப்பட்ட மனிதர் வாயைத் திறந்தால் என்ன சொல்வார் தெரியுமா?

"எல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு அடியிலேர்ந்து கட்டணும். கம்பெனி வேலை செய்றவன் கைக்கு வரணும்."

கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குரல் உயராமல் சொல்வார்.

மனைவியின் தம்பி நேர் எதிர். அதே கம்பெனியில் ஸ்டோர் ரூமில் வேலை. பிரேக் தேய்ந்த வண்டியில் பறப்பார், மாதம் ஒரு முறை வீட்டுச் சாவியைத் தொலைப்பார். ஆனால், "இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும். கை வச்சா கெட்டுரும்" என்கிற கட்சி. இரண்டு பேரும் உட்கார்ந்து வாதாடினால் வீடு இரண்டுபடும். மனதில் பகை கிடையாது. கிடையாது என்றால் கிடையாதுதான்.

போன வாரம் அந்தத் தம்பியின் மகள் கல்லூரியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். ஆளின் குணத்தைக் கேட்டு, அவருடைய கட்சியைச் சொல்கிற தாளாம். நாற்பது கேள்வி. பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பீர்களா? வைப்பார். திட்டமில்லாமல் ஊருக்குக் கிளம்புவீர்களா? மாட்டார். அவள் அப்பாவுக்கும் அதே கேள்விகள். இரண்டையும் கூட்டிப் பார்த்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க எங்கப்பா கட்சி. எங்கப்பா உங்க கட்சி."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் கம்பெனி முழுக்கச் சொல்லியும்விட்டார். சங்கச் செயலாளர் தேர்தலுக்கு இவர் நிற்க இருந்த நேரம் அது. மனுக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி.

"என்ன தோழரே, உள்ளுக்குள்ள அந்தப் பக்கமாமே?"

விளையாட்டாகத்தான் கேட்டார்கள். இவருக்குத் தைத்துவிட்டது. இருபது வருடமாகப் பேசியதெல்லாம் இரவல் பேச்சோ என்று மனம் அரித்தது. வெள்ளிக்கிழமை காலையில் தையல் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் நிக்கல."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஒரு தாளுக்கா?"

"தாள் பொய் சொல்லலியே. நான் அப்படித்தானே இருக்கேன்."

"இருந்துட்டுப் போங்க. ஆஸ்பத்திரி லிப்ட்ல கயிறு தேஞ்சிருக்குன்னு யாரு கண்டுபிடிச்சா? நல்லாத்தானே ஓடுதுன்னாங்க எல்லாரும். நீங்கதான் நிறுத்திப் போட்டுட்டு, மொத்தத்தையும் மாத்துன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. தட்டிப் பாத்ததாலதானே தெரிஞ்சுது? என் தம்பி ஒருநாளும் தட்டிப் பாக்க மாட்டான். அவன் வண்டியில பிரேக் இல்லைங்கறதே அவனுக்கு நான் சொல்லித்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் சங்க அறையில் மனுவை நீட்டினார்கள். வேடிக்கை பார்க்க மச்சானும் கதவில் சாய்ந்து நின்றார். இவர் பேனாவை வைத்ததும் மேசை ஆடியது. கையை எடுத்துவிட்டார்.

"என்ன மச்சான், பின்வாங்கியாச்சா?"

இவர் பையிலிருந்த தாளை எடுத்து எட்டாக மடித்தார். குனிந்து மேசைக்காலுக்கு அடியில் செருகினார். நிமிர்ந்து, மேசையை மூன்று தரம் தட்டினார். பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.