சித்திக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்

அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது. அன்றிலிருந்து அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டோடு இருந்து என்னை வளர்த்தவர் அம்மாவின் தங்கை. எனக்குச் சித்தி. அவருக்கு வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்தார். பிள்ளைக்காகத்தான் என்றார்கள் எல்லோரும். நானும் அப்படியே நம்பினேன்.

ஆறாம் வகுப்பை ஆங்கில மொழிமூலம் படிக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். துறைமுக வேலையில் அப்பாவுக்கு லீவு கிடைப்பது அரிது, ஆகவே பராமரிப்பவர் என்ற இடத்தில் சித்தியின் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் உறவுமுறை கேட்டிருந்தது.

அகராதியில் சித்திக்கு இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று ஆன்டி. பக்கத்து வீட்டுக்காரியும் ஆன்டி, டியூஷன் ரீச்சரும் ஆன்டி. மற்றது ஸ்டெப்மதர். அதற்குள் மதர் இருந்தது. அதையே முத்து முத்தாக எழுதினேன். சித்தி வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

படிவத்தைக் கொடுக்கப் போன அன்று அதிசயமாக அப்பாவும் கூட வந்தார். ஓர்ஸ் ஹில்லில் இருந்த கல்விக் கந்தோரில், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு அப்பாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்கள் இவருக்கு மறுதாரமா வந்தனீங்களோ?"

சித்தி என்னைக் காட்டினார். "இல்லை. நான் இவவின்ர தாயின்ர தங்கச்சி."

"இதில தகப்பன்ர மனிசி எண்டெல்லோ கிடக்கு. பிழையெண்டால் வெட்டி மாத்துங்கோ."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி பேனையை வாங்கி அந்தச் சொல்லின் மேல் வைத்தார். அப்போது அப்பா, நிலத்தைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்:

"உமக்குச் சம்மதமெண்டால் பிள்ளை எழுதினபடியே இருக்கட்டும்."

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு எதையும் வெட்டாமல் பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கலியாணச் சான்றிதழும் இணைக்க வேணும்," என்றார் மேசைக்கார அம்மா.

"அதுக்குக் கொஞ்ச நாள் செல்லும்," என்றார் சித்தி.

கொஞ்ச நாளில் ஆங்கில வகுப்பில் இடமெல்லாம் நிரம்பிவிடாதா? ஒரு சொல்லை வெட்டி ஆன்டி என்று எழுத ஒரு நிமிடம் போதுமே! வழி நெடுக அதையே சொல்லி அழுதேன். "போகட்டும் விடு" என்று சித்தி சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். இடம் போகப்போவது எனக்கு; தன் கண்ணையும் அவர் ஏன் துடைத்துக்கொண்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.