ஹூரியா பாதியில் எடுத்த பாட்டு

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் தௌப்போ ஏரிக்கு வடக்கே என் மண்வாரி இயந்திரம் வெட்டாத வாய்க்கால் கிடையாது. எவன் முன்னாலும் தொப்பியைக் கழற்றாத நான் ஒருத்திக்குக் கழற்றுவேன். அவள் என் சித்தப்பா மகள் ஹூரியா.

விடிந்தால் மாடு கறப்பாள். எங்கள் குடியின் பொது இடமான மராயே முற்றத்தில் சனம் கூடினால் சமையல் அவள் பொறுப்பு. பூமிச் சூட்டில் ஆவி கிளம்பும் குழியில் பன்றிக்கறியையும் கிழங்கையும் இறக்கிவிட்டு அதட்டிக்கொண்டு திரிவாள்.

அந்த ஆவியில் மின்சாரம் எடுக்கலாமா என்று அரசாங்கம் எப்போதோ துளை போட்டுப் பார்த்து, மூடிவிட்டுப் போனது. தொண்ணூறுகளில் ஒரு மின்சாரக் கம்பெனி வந்தது. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் மின்நிலையத்தை அவர்களே கட்டிக்கொள்வார்களாம். நாங்கள் உட்கார்ந்து வாடகை வாங்கலாமாம். ஹூரியா ஒத்துக்கொள்ளவில்லை. குடியின் பால் பண்ணையை அடமானம் வைத்து நாமே கட்டுவோம் என்றாள். தோற்றால் பண்ணை போய்விடும்.

"ஏண்டி, மாடு ஓட்டுறவளுக்கு டர்பைன் ஓட்டத் தெரியுமா?" என்று நான்தான் சீண்டினேன்.

"தெரிஞ்சவனைச் சம்பளத்துக்கு வைப்போம். உனக்கு மட்டும் மண்வாரி செய்யத் தெரியுமா அண்ணே? ஓட்டலையா?"

நானே தொப்பியைக் கழற்றினேன். நானே என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. கம்பெனிக்காரர்கள் முற்றத்தின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்காக எழுந்தவர் ஹூரியாவின் சொந்த அண்ணன் தாமாதி. முற்றத்தில் எழுந்து பேசுவது ஆண்கள்தான். பேச்சு முடிந்ததும் அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து பாடித் துணை நிற்பார்கள். பாட்டு எழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. எப்பேர்ப்பட்டவனும் உட்கார வேண்டியதுதான்.

தாமாதி வந்தவர்களை வாழ்த்தினார், முன்னோரைப் போற்றினார். பிறகு, "நம்மகிட்ட பணமும் இல்ல, படிப்பும் இல்ல. அதனால இந்தக் குத்தகைக்கு எங்க குடி..."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டிலிருந்து வந்த ஹூரியா குரலெடுத்தாள். முதல் வரி அவள் மட்டும். இரண்டாவது வரிக்குப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தாமாதி கைத்தடியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகு, வாக்குக் கொடுக்காமலே உட்கார்ந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பேசலாம். அங்கே வெடித்தார்.

"ஊர் முன்னால என் வாயை அடைச்சிட்டியேடி!"

"பேசத்தான் அங்க எனக்கு இடமில்ல. பாட இருக்கு, பாடினேன்."

"பண்ணை போச்சுன்னா?"

"அடுத்தவன் மாட்டைக் கறப்பேன். ரோட்டுக்கு நிலம் குடுத்தோம், அணைக்குக் குடுத்தோம். அடியில இருக்கிற சூட்டையும் குடுத்துட்டு வாசல்ல நின்னு வாடகை வாங்கணுமா? என்னால ஆகாது."

நாமே கட்டலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது என் கை. எவனாவது மறுத்தால் என்னிடம் வரட்டும். கடைசிக் கை தாமாதியுடையது, பாதிதான் தூக்கினார்.

அரசாங்கம் மூடிப்போன ஆவிக் கிணற்றைத் திறந்தபோது எழுந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவன் கத்தியதுகூடக் கேட்கவில்லை. குழாய்க்கு வழி வெட்டியவன் நான். கடன் அடைந்தது. பண்ணை தப்பியது, வளரவும் செய்தது. இன்று எங்கள் ஆவியில் பக்கத்து நகரம் விளக்கு ஏற்றுகிறது.

போன வருஷம் அதே கம்பெனி மறுபடி வந்தது, நிலையத்தையே விலைக்குக் கேட்டு. தளர்ந்துபோன தாமாதி கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அன்னிக்குக் குத்தகை கேட்டீங்க. இன்னிக்கு விலை கேக்குறீங்க. வந்தவங்களுக்குச் சாப்பாடு உண்டு, சாப்பிட்டுப் போங்க. ஆவி கிடையாது."

தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை மூடிக்கொண்டு நின்றாள்.

"பாடேண்டி!"

"அவசரம் என்ன அண்ணே? நல்லாத்தானே பேசுற. இன்னும் கொஞ்சம் பேசு."

இன்னும் நெடுநேரம் பேசினார். அவர் முடித்த பிறகுதான் ஹூரியா அதே பாட்டை எடுத்தாள். இந்த முறை அது அவருக்காக.