ஹிந்தோளமும் டிரான்ஸ்பார்மரும்

மறுநாள் காலை பஸ்ஸில் பாகவதர் வருகிறார். என் கையில் பல்லவி மட்டும்தான் இருந்தது, அதுவும் எனக்கே பிடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கும் மறக்கவில்லை.

எழுபதுகளில் நான் மலைமேல் சித்திரபுரத்தில் பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியார். கீர்த்தனை போடுவது என் சொந்தப் பைத்தியம். குடியிருந்த குவார்ட்டர்ஸ் என் மனைவி சரசுவின் பேரில். அவள் மின்சார ஆபீஸில் கிளார்க். இருவருக்கும் ஊர் கல்பாத்தி. அங்கே தேர்த் திருவிழாவில் பாடும் பெரிய பாகவதர் ஒருவர் என்னைப் பார்த்தபோது, "தேர்க் கச்சேரிக்கு ஹிந்தோளத்துல புதுசா ஒண்ணு வேணும் ஓய். பாடம் பண்ணிக்க நானே மலையேறி வரேன்" என்று சொல்லியிருந்தார். அவர் பாடினால் நான் சாகித்தியகர்த்தா. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் பாட்டு வாத்தியார்தான்.

மற்ற ராகங்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஹிந்தோளம் மட்டும் முரண்டு பிடித்தது. மத்தியமத்தில் நின்றால் குரல் மேலே வழுக்கும். தைவதத்துக்குப் போனால் கீழே இழுக்கும். ஒரு மாதமாக இதே கதை. நம் ஞானம் வற்றிவிட்டது என்றே நினைத்தேன். பயத்தில் சோறு இறங்கவில்லை.

"க்ஷீணமா இருக்கேளே, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் பாடப்படாதா?" என்றாள் சரசு.

"காப்பி குடிச்சா ஹிந்தோளம் வந்துடுமா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

சற்று நேரத்தில் திடீரென்று வீடே நிசப்தமானது. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி மின்சார ஆபீஸின் சுவிட்ச்யார்டு. டிரான்ஸ்பார்மர்களின் ரீங்காரம் நின்றதும்தான், அது இத்தனை வருஷமாக இருந்ததே எனக்கு உறைத்தது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. மத்தியமம் பிடித்தேன். ஆணி அடித்தாற்போல் நின்றது!

சுருதிப்பெட்டியை எடுத்து, அந்த ரீங்காரத்தை ஞாபகத்திலிருந்து பாடிப் பார்த்தேன். என் ஒரு கட்டை சுருதிக்கு அது நேர் பஞ்சமம். ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. ஆகாத ஸ்வரத்தை ராப்பகலாக முழக்கும் யந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் என் ஞானத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரசு, கரண்ட் எப்போ வரும்?"

"மெயின்டனன்ஸ் ஷட்டவுன். சாயங்காலம் வரைக்கும்னு ஆபீஸ்ல சொன்னா. வேலை முடிஞ்சா முன்னாடியே போட்டுடுவா."

ஊரே கரண்டுக்குக் காத்திருக்க, நான் ஒருத்தன் மட்டும் வரக்கூடாது என்று குருவாயூரப்பனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்லவியைத் திருத்தினேன். அனுபல்லவி தானாக வந்தது. சரணத்தின் முதல் அடி அமைந்து, அதைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தபோது சுவருக்குப் பின்னால் மறுபடியும் ம்ம்ம்ம் என்று ஆரம்பித்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு பாடினேன். பிரயோஜனமில்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்போது சமையலறையில் சரசு, சேனை நறுக்கிக்கொண்டே, அந்தச் சரண அடியைப் பாடினாள். சின்ன வயதில் பாட்டுக் கற்றவள். கல்யாணத்துக்கப்புறம் பாட்டெல்லாம் அடுப்படியோடு சரி. மத்தியமம் கொஞ்சமும் வழுக்கவில்லை.

"எப்படிடி?" என்று ஓடினேன்.

"நேக்கென்ன தெரியும்? எப்பவும் அதோட சேந்துதான் பாடறேன்" என்று பின்சுவரைக் காட்டினாள்.

அவள் சுருதி ஐந்து கட்டை, ரீங்காரமும் அதுவே. எனக்குப் பஞ்சமமாக இடைஞ்சல் செய்தது, அவளுக்கு ஷட்ஜமாகத் தம்பூரா போட்டுக்கொண்டிருந்தது. சொற்களை நான் சொல்லச் சொல்ல, மெட்டை அவளே அமைத்துப் பாட, மீதிச் சரணம் விளக்கு வைக்கும் முன்பே முடிந்தது.

காலையில் பாகவதர் வந்தார். ரீங்காரத்தையே சுருதியாக வைத்துப் பாடிக் காட்டினேன். பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் தலையாட்டினார். சரணம் பாடியதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது மட்டும் வேற கை ஓய்! யார் போட்டது?"

சாகித்தியத்தில் என் பெயர்தான் முத்திரை. நிஜத்தைச் சொன்னால் பாட்டே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவாரோ?

"என் ஆத்துக்காரி" என்றேன்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "அப்போ அவாளை வரச் சொல்லும். சரணத்தை அவாகிட்டதான் பாடம் பண்ணிக்கணும்."

புதிதாகப் பாட்டுப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ராகம் வரவில்லை என்றால் உடனே அழாதீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே யார் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். நான் கேட்க ஒரு ஷட்டவுன் வேண்டியிருந்தது.